அவருக்கு மட்டும் தெரிந்த முற்றம்

எங்கள் சுண்ணாம்புக்கல் மேட்டில் விரியன் பாம்பு உண்டு, காட்டுப்பன்றி உண்டு, பிப்ரவரி மாசத்தில் கூரை ஓட்டைப் பெயர்த்துக்கொண்டு போகிற புர்யாக் காற்று உண்டு. இவை எல்லாவற்றிடமிருந்தும் தப்பித்து எழுபத்து மூன்று வயசு வரைக்கும் வந்துவிட்டேன். ஆனால் ‘தனக்கு மட்டும் ஓர் இடம் தெரிந்தவர்’ என்று ஓர் இனம் இருக்கிறதே, அதனிடமிருந்து தப்பித்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

நீங்களும் சந்தித்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை வெளியே போய், வயிறு நிறையச் சாப்பிட்டு, வீட்டு வாசலில் காரை விட்டு இறங்குகிறீர்கள். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு தலை எழும்பும்.

“எங்க சாப்பிட்டீங்க?”

கடையின் பெயரைச் சொல்கிறீர்கள். அவர் கண்ணை மூடிக்கொள்வார். துக்கம் கேட்க வந்தவர் மாதிரி தலையை இரண்டு பக்கமும் ஆட்டுவார்.

“அங்கயா… ஆறு வருஷத்துக்கு முன்னாடி போயிருக்கணும். இப்பல்லாம் முன்ன மாதிரி இல்ல.”

அவ்வளவுதான். வயிற்றில் சுகமாக இருந்த ஆட்டுக்கறி அந்த நிமிஷமே கல்லாகிவிடும்.

இந்த இனத்துக்கென்று சட்டங்கள் இருக்கின்றன. நாற்காலிக்கு முதுகு இருந்தால் அந்தக் கடை சுற்றுலாக்காரனுக்கு விலைபோய்விட்டது. பட்டியலில் சாப்பாட்டுப் படம் இருந்தால் சமையல்காரனுக்கு வெட்கமில்லை. கார் நிறுத்த இடம் இருந்தால் அதோடு கதை முடிந்தது. ஆகவே இவர் உங்களைக் கூட்டிக்கொண்டு போகிற இடத்தில் பெஞ்சு ஆடும், மேலே மரத்திலிருந்து கம்பளிப்பூச்சி விழும், கை கழுவுகிற இடம் கோழிக்கூண்டுக்குப் பின்னால் இருக்கும், சூப்பு ஆறியிருக்கும், கரண்டி கேட்டால் வீட்டுக்காரி முறைப்பாள்; நீங்கள் லேசாக முகம் சுளித்தால் போதும், “இதுதாங்க அசல்!” என்று மேஜையைத் தட்டுவார். அசல் என்றால் என்ன? உட்கார்ந்தவனுக்கு இடுப்பு வலிக்க வேண்டும். வேறொன்றுமில்லை.

நடைபாதை விஷயத்தில் இன்னும் மோசம். மலையேற்றச் சங்கத்தார், பாவம், பாறைக்குப் பாறை சிவப்பு வளையம் போட்டு நடுவிலே வெள்ளைப் பொட்டு வைத்து, தூங்கிக்கொண்டே நடப்பவன்கூட வழி தவறாதபடி செய்து வைத்திருக்கிறார்கள். இவர் அந்தப் பொட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். “அது பஸ்ஸுல வர்றவங்களுக்கு. நீங்க என் பின்னாடி வாங்க, அரை மணிதான்.” அந்த அரை மணிக்குள் நீங்கள் முள்ளுப் புதரில் சட்டையைக் கிழித்துக்கொள்வீர்கள், யாரோ ஒருவருடைய பீன்ஸ் பாத்தியை மிதிப்பீர்கள், அவருடைய நாயிடம் மன்னிப்புக் கேட்பீர்கள், இரண்டரை மணி நேரம் கழித்து, புறப்பட்ட இடத்துக்கு நேர் மேலே முந்நூறு அடி உயரத்தில் போய் நிற்பீர்கள். “பாத்தீங்களா காட்சிய!” என்பார். என்ன காட்சி? கீழே நீங்கள் நிறுத்திவிட்டு வந்த கார்.

எங்கள் வட்டாரத்தில் இந்த இனத்துக்குத் தலைவர் சிரில் மாஹ்னிச். ரயில்வேயில் சரக்கு எடை போட்டு ஓய்வு பெற்றவர். நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, கல் உடைத்து, இந்தக் கையாலேயே இரண்டு மாடி வீடு கட்டியவன். எந்தக் கல் எங்கே பிளக்கும் என்று தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவேன். சிரிலும் அப்படி ஒரு கல்தான். தட்ட வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: பொட்ஸ்காலா மேட்டில் தனியாக நிற்கிற மிலோய்காவின் பண்ணை வீடு.

மிலோய்கா கணவனை இழந்தவள். மே மாசத்தில் பத்து நாள், முற்றத்தில் முசுக்கட்டை மரத்தடியில் பெஞ்சு போட்டு, தன் கொடியில் விளைந்த தெரான் ஒயினையும், தன் வீட்டு மச்சில் காற்றாட உலர்ந்த பன்றித் தொடையையும், புளித்த முட்டைக்கோசும் பீன்ஸும் போட்ட சூப்பையும் வருகிறவர்களுக்கு விற்பாள். இதற்கு ஓஸ்மிட்சா என்று பெயர். குறித்த நாளுக்கு முன்னேயும் கிடையாது, பின்னேயும் கிடையாது. அந்தப் பத்து நாளும் கீழே நாற்சந்திக் கம்பத்தில் ஐவிக் கொடியைக் கொத்தாகக் கட்டி, அதன் கீழே ஒரு சிவப்பு மர அம்பை மாட்டி வைப்பாள். பச்சைக் கொத்து தொங்கினால் வரலாம். தொங்காவிட்டால் வரக் கூடாது. எங்கள் ஊரில் பாதிரியாரையே எதிர்த்துப் பேசுகிறவர்கள் உண்டு. கொத்தை எதிர்த்துப் பேசியவர் கிடையாது.

இந்த முற்றத்தைத் தானே கண்டுபிடித்ததாகச் சிரிலுக்கு நினைப்பு. அங்கே நாலு தலைமுறையாக ஒயின் ஊற்றுகிறார்கள். வட்டாரத்தில் பாதிப் பேருக்குக் கல்யாணப் பேச்சே அந்த மரத்தடியில்தான் முடிந்தது. அதனால் என்ன? சிரில் முப்பது வருஷமாக ஒவ்வொருவரையும் தனியாக ஓரமாகக் கூப்பிட்டு, இடமும் வலமும் பார்த்து, காதில் சொல்லிக்கொண்டிருந்தார். முடிதிருத்துபவரிடம் சொன்னார். பல் வைத்தியரிடம் வாயைத் திறந்தபடியே சொன்னார். எல்லோரிடமும் கடைசியில், “உங்களோட இருக்கட்டும்” என்றார்.

போன வருஷம் தலைநகரத்துப் பத்திரிகை ஒன்றில் அந்த முற்றம் படத்தோடு வந்துவிட்டது. வந்தார்கள் பாருங்கள்! கார் காராக வந்தார்கள். சிரில் தன் மரத்தடிக்குப் போனால், அவருடைய இடத்தில் ஓர் இளம் ஜோடி உட்கார்ந்து தட்டைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. அவர் நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்.

“பன்றித் தொடையைப் போட்டோ எடுக்கிறான், வோய்கா! அது என்ன, சிரிக்கவா போகுது?”

அவர் மனைவி வோய்கா துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: “எல்லார் காதுலயும் போய் ஓதினீங்களே, அதுல எவனோ ஒருத்தன் பத்திரிகைக்காரன். யாரைத் திட்டுறீங்க இப்ப?”

அந்தக் குளிர்காலம் முழுக்கச் சிரில் யோசித்தார். இந்த இனம் யோசிக்க ஆரம்பித்தால் ஊருக்கு நல்லதில்லை.

இந்த மே மாசம், திறக்கிற வெள்ளிக்கிழமை. மிலோய்கா விடியும்போதே கொத்தைக் கட்டிவிட்டு மேலே அடுப்படிக்குப் போய்விட்டாள். சிரில் வந்தார். கொத்தை அவிழ்த்தார், அம்பைக் கழற்றினார், இரண்டையும் கல்சுவருக்குப் பின்னால் போட்டார். பிறகு நடைபாதையில் ஏறி, பண்ணைக்குத் திரும்புகிற இடத்தில் மூன்று பாறைகளில் இருந்த சிவப்பு வளையத்தின் மேல், வீட்டில் மிச்சமிருந்த சாம்பல் நிற பெயிண்டைப் பூசினார். திருட்டு என்று அவர் நினைக்கவில்லை. வெளியூர்க்காரனைத் தடுக்கிறோம்; நம்ம ஆளுக்கு நாள் கணக்கு தெரியும், தானாக வருவான். புனிதமான வேலை செய்த களைப்போடு இறங்கியபோது, நாற்சந்தியில் ஒரு வேன் நின்றது. உள்ளே பள்ளத்தாக்கு ஊரின் பாட்டுக் குழுப் பெண்கள்.

“ஐயா, மிலோய்கா அக்கா வீடு இன்னிக்குத் திறப்பாங்களே, கொத்தைக் காணோமே?”

“இந்த வருஷம் திறக்கலம்மா. உடம்பு சரியில்ல, பாவம்.”

அடடா, எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்!

அதற்குப் பிறகு நாலு நாள் சிரில் சொர்க்கத்தில் இருந்தார். மரத்தடியில் அவர் ஒருவர். காலை நீட்டினால் யார் மேலும் படவில்லை. தொடையின் நடுப்பாகத்திலிருந்து மெல்லிசு மெல்லிசாக வெட்டி வந்தது. “இதான் ஓஸ்மிட்சா! என்ன அமைதி பாரு!” என்று கோழிகளிடம் சொன்னார்.

நம்ம ஆள் வந்தானா? வரவில்லை. எப்படி வருவான்? கீழே கொத்து இல்லை. மலையேற்றச் சங்கத்தில் வழிக்குறி போடுகிற விட்டோமிர், சனிக்கிழமை வேறு வேலையாக மேட்டு வழியே போனவர், மிலோய்காவின் திறந்த கேட்டுக்கு முன்னால் வந்து நின்றார். உள்ளே பெஞ்சு போட்டிருக்கிறது, சூப்பு வாசனை வருகிறது, சிரில் உட்கார்ந்து மென்றுகொண்டிருக்கிறார். இருந்தும் விட்டோமிர் திரும்பிப் போய்விட்டார். “கொத்து இல்லாத வீட்டுல போய் உட்கார நான் என்ன மானம் கெட்டவனா? சொந்தக்காரங்களுக்கு விருந்து போல,” என்று வீட்டில் சொன்னார். மற்றவர்கள் நாற்சந்தியோடு திரும்பினார்கள். என்ன ஆச்சு என்று மிலோய்காவிடம் போன் போட்டாவது கேட்டிருக்கலாம். கேட்டால் மனசு நோகும் என்று நாகரிகமாக விட்டுவிட்டார்கள். நாங்கள் அவ்வளவு நல்லவர்கள்.

மிலோய்கா அறுபது பேருக்குச் சூப்பு வைத்தாள். முதல் நாள் மிஞ்சியதை இரண்டாம் நாள் சுட வைத்தாள். மூன்றாம் நாள் பன்றிக்கு ஊற்றினாள். நாலாம் நாள் அரைப் பானைதான் வைத்தாள். கேட்டுப் பக்கம் பார்ப்பதையும் நிறுத்தினாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கையைத் துடைத்துக்கொண்டு சிரிலுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். முப்பது வருஷத்தில் அவள் அப்படி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

“அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். என் அண்ணன் மகன் ஒரு பத்திரம் கொண்டாந்து வச்சிருக்கான். கடலோரத்துக் கம்பெனிக்காரன் நிலத்தைக் குத்தகைக்குக் கேக்கிறானாம். பழைய கொடியெல்லாம் பிடுங்கிட்டு, இந்த முற்றத்துல கண்ணாடி போட்டு, ஒயின் ருசி பாக்குற கூடம் கட்டுவானாம்.”

“அட கிறுக்கு! நீ என்ன சொன்ன?”

“இந்தப் பத்து நாள்ல ரெண்டு பீப்பாயும் காலியானா என் கொடி என்கிட்டயே இருக்கும், இல்லன்னா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வா, கையெழுத்துப் போடுறேன்னு சொன்னேன். எனக்கு அவ்வளவு நம்பிக்கை அண்ணே. போன வருஷம் அத்தனை பேர் வந்தாங்களே!” அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. “ஒரு தடவை குடிச்சுப் பாத்து, போதும்டா சாமின்னு போயிட்டாங்க போல. தினம் ராத்திரி நானே ஊத்திக் குடிச்சுப் பாக்குறேன். நாக்கு மரத்துப் போச்சு, ஒண்ணும் தெரியல. நீங்கதான் தெரிஞ்சவரு. மறைக்காம சொல்லுங்க. ஒயின் எப்படி இருக்கு?”

ஒயின் அருமையாக இருந்தது. கறுத்த சிவப்பில், நாக்கின் ஓரத்தைச் சுண்டுகிற புளிப்போடு, அவர் குடித்ததிலேயே நல்ல தெரான். அதைச் சொல்லத்தான் சிரில் வாயைத் திறந்தார். ஆனால் நாற்பது வருஷப் பழக்கம் அவரை முந்திக்கொண்டது. கண் தானாக மூடியது. தலை தானாக இரண்டு பக்கமும் ஆடியது.

“முன்ன மாதிரி இல்ல.”

சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது. கண்ணைத் திறந்தார். மிலோய்கா எழுந்துவிட்டிருந்தாள்.

“நானும் அப்படித்தான் நினைச்சேன்,” என்று சொல்லிவிட்டு, அவருடைய தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சிரில் அன்றைக்கு நேர் வழியாகவே இறங்கினார். இருபது நிமிஷத்தில் கீழே வந்துவிட்டார்; அவ்வளவு பக்கம் என்று அவருக்கே அன்றுதான் தெரியும்.

வீட்டில் வோய்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் கேட்டாள்: “அவகிட்டப் போய்ச் சொல்லிட்டீங்களா?”

“கொத்தை மறுபடி கட்டிட்டாப் போதும்ல?”

“ஏங்க, ஊரெல்லாம் அவ படுத்த படுக்கையா இருக்கான்னு பேசிக்கிட்டிருக்கு. மாதா கோயில்ல அவளுக்காகப் பிரார்த்தனை வேற செஞ்சாச்சு. கொத்தைப் பாத்தா வருவாங்களா?”

புதன்கிழமை காலையில் சிரில் கல்சுவருக்குப் பின்னால் கையை விட்டார். கொத்து காய்ந்து நொறுங்கியது. காய்ந்த கொத்துக்கு எங்கள் பக்கத்தில் ஒரே அர்த்தம்: தீர்ந்துவிட்டது, வராதே. ஓடிப்போய்ப் புது ஐவி வெட்டிக் கட்டி, அம்பை மாட்டி, பக்கத்திலேயே நின்றார். ஒரு கார் வேகம் குறைந்தது, கொத்தைப் பார்த்தது, சிரிலைப் பார்த்தது, வேகம் பிடித்துப் போய்விட்டது. இரண்டாவது காரும் அப்படியே. நடுவில் ஓஸ்மிட்சா திறப்பதை யார் எங்கே கேள்விப்பட்டார்கள்? ஏதோ விளையாட்டு என்று போய்க்கொண்டே இருந்தார்கள்.

பதினோரு மணிக்கு விட்டோமிர் பெயிண்ட் டப்பாவோடு மேட்டிலிருந்து இறங்கி வந்தார்.

“யோவ் சிரிலு, உன் கார் கொட்டகைக் கதவு என்ன கலரு?”

“சாம்பல். ஏன்?”

“மேல மூணு பாறை அப்படியே உன் கொட்டகைக் கதவு மாதிரி இருக்கு. அதான் கேட்டேன்.”

சிரில் பதில் சொல்வதற்குள் பாட்டுக் குழுவின் வேன் வந்தது. இந்தத் தடவை பாட்டுக் குழுப் பெண்கள் நடைக் கம்புகளோடு இறங்கினார்கள். சிரில் கையை விரித்துக்கொண்டு வேனுக்குக் குறுக்கே போனார்.

“அம்மா, மேல போங்க! மிலோய்கா வீடு திறந்திருக்கு! அரை மணிதான்!”

“எந்த அரை மணி?” என்றாள் குழுத்தலைவி. “கடிகாரத்து அரை மணியா, உங்க அரை மணியா? எங்க வீட்டுக்காரரு உங்க பின்னாடி ஒருக்கா வந்துட்டு ரெண்டு நாள் படுத்துக் கிடந்தாரு.”

“கடிகாரத்துதும்மா, சத்தியமா!”

“வெள்ளிக்கிழமை நீங்கதானே மூடிருக்குன்னு சொன்னீங்க? உடம்பு சரியில்லன்னீங்களே? நாங்க சூப்பு செஞ்சு அனுப்பலாமான்னுகூடப் பேசிக்கிட்டோம்.”

சிரிலின் முன்னால் இரண்டு வழி இருந்தது. மிலோய்காவுக்கு உடம்பு தேறிவிட்டது என்று இன்னொரு பொய் சொல்லலாம். அதுவும் அழகாக நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் தேறிய உடம்போடு தனியாக நிற்கிறவள் வீட்டில் போய்க் கூட்டமாக உட்கார்ந்து யார் சாப்பிடுவார்கள்? எங்கள் பெண்கள் சூப்பைக் கொடுத்துவிட்டு, ஒரு மடக்குகூடக் குடிக்காமல் திரும்பிவிடுவார்கள். பீப்பாய் அப்படியே இருக்கும். சிரில் தொப்பியைக் கழற்றினார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக, காதில் சொல்லாமல் உரக்கச் சொன்னார்.

“அவளுக்கு ஒண்ணும் இல்ல. ஒயினுக்கும் ஒண்ணும் இல்ல, இத்தனை வருஷத்துல இவ்வளவு நல்ல தெரான் நான் குடிச்சதில்ல. கொத்தை அவிழ்த்தது நான். பாறையில பூசினதும் நான்தான். எனக்கு உட்கார இடம் வேணும்னு செஞ்சேன்.”

குழுவில் கடைசியாக நின்ற ஒல்லியான அம்மாள் ஒருத்தி சிரிலின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தாள்.

“ஒரு முற்றம் முழுக்க வேணுமா? அவ்வளவு பெருசாத் தெரியலையே!”

விட்டோமிரால் கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்துவிட்டுத்தான் சிரிக்க முடிந்தது.

அந்தச் சிரிப்பு பள்ளத்தாக்கில் இறங்கிய வேகத்துக்குப் புர்யாக் காற்று ஈடில்லை. பத்திரிகை செய்ததையும் அது மிஞ்சிவிட்டது. கொத்தைத் திருடினவனைப் பார்க்க வேண்டும் என்றே வியாழக்கிழமையிலிருந்து ஜனம் வர ஆரம்பித்தது. வேடிக்கைக்கு ஏறிய கூட்டம் வாசனைக்கு உட்கார்ந்தது, ருசிக்குத் தங்கிவிட்டது. நாற்சந்தியில் நிற்கிற வேலையை விட்டோமிர் சிரிலுக்கே கொடுத்தார். காலையில் பாறைக்கு வளையம் போடுவது, மத்தியானம் காருக்கு வழி சொல்வது. ஒவ்வொரு காரும் நின்று, “நீங்கதானா அது?” என்று கேட்டது. ஒவ்வொரு தடவையும் அவர், “நான்தான். மேல போங்க, இருபது நிமிஷம்,” என்றார். பிள்ளைகளோடு வந்தவர்கள் பக்கத்தில் நிறுத்திப் படம்கூட எடுத்துக்கொண்டார்கள். சிரித்தாரா? சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மிலோய்காவின் அண்ணன் மகன் பத்திரத்தோடு வந்தான். காரை நிறுத்த இடமில்லாமல் கால் மைல் கீழேயே விட்டுவிட்டு நடந்து வந்தான். அவனுக்குப் பின்னாலேயே, அதுவரை மேலே வரத் துணிச்சல் வராத சிரிலும் ஏறி வந்தார். முற்றத்தில் பெஞ்சு போதாமல் ஜனம் சுவர் மேல் உட்கார்ந்திருந்தது. பாட்டுக் குழு பாடிக்கொண்டிருந்தது. நடுநடுவே சிரிலைப் பற்றிப் புதிதாகக் கட்டிய இரண்டு வரி வேறு வந்தது.

மிலோய்கா நிலவறையிலிருந்து கையில் குடுவையோடு வெளியே வந்தாள். சிரிலைப் பார்த்ததும் நின்றாள். பாட்டு நின்றது. இவள் இப்போது அந்தக் குடுவையால் அடிக்கப் போகிறாள் என்று பாதிப் பேர் எதிர்பார்த்தார்கள். மீதிப் பேர் ஆசைப்பட்டார்கள்.

“நான் வச்ச சூப்பைப் பன்றிக்கு ஊத்த வச்சீங்க,” என்றாள்.

“ஆமா.”

“நாலு ராத்திரி என் நாக்கையே நான் சந்தேகப்பட்டேன்.”

“ஆமா, மிலோய்கா.” அவர் தொப்பியைத் திருகினார். “ஒயின் நல்லா இருக்கு. அன்னிக்கே நல்லாதான் இருந்துச்சு. எனக்குச் சொல்லத் தெரியல.” தொண்டை காய்ந்திருந்தது. நாலு நாளாக வெயிலில் நின்றவர். “ஒரு கிளாஸ் ஊத்துறியா? குடிச்சிட்டு எல்லார் முன்னாடியும் சரியாச் சொல்றேன்.”

மிலோய்கா குடுவையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். ஒரு சொட்டு விழுந்தது, அதோடு சரி.

“தீர்ந்துடுச்சு அண்ணே,” என்றாள். அண்ணன் மகனைத் திரும்பிப் பார்த்து இன்னொரு தடவை, சத்தமாக, ஒவ்வொரு எழுத்தையும் ருசித்துச் சொன்னாள்: “தீர்ந்துடுச்சுடா!”

அவன் பத்திரத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, கால் மைல் நடந்து போனான்.

சிரிலின் கதை அவ்வளவுதான். நன்றாகச் சிரித்தீர்கள், சந்தோஷம். எழுதத் தெரிந்தவர்கள் நாலு பேர் இதைவிட நன்றாக எழுதியிருப்பார்கள் என்று நினைக்காதீர்கள், மாட்டார்கள். ஆனால் படித்துக்கொண்டு வரும்போது நீங்கள் ஒரு காரியம் செய்தீர்கள். அந்த நாற்சந்தி எங்கே இருக்கும், மே மாசம் எந்தத் தேதியில் போனால் சரியாக இருக்கும் என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டீர்கள். தப்பில்லை, போங்கள், மிலோய்காவுக்கும் நல்லதுதான். கூட யாரைக் கூட்டிப் போகலாம் என்றும் யோசித்தீர்கள். இரண்டு மூன்று பேர் முகம் வந்தது. உடனே, ‘சே, இவர்களுக்கெல்லாம் இந்த மாதிரி இடத்தின் அருமை எங்கே தெரியப் போகிறது’ என்று ஒவ்வொன்றாக அழித்தீர்களே, அதை நான் இங்கிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.